உள்தடை

ஹாகனில் டயர்க்கடைக்குப் பின்னால் ஒரு கராஜ்.
சசிரூபன் செல் ஒன்றைத் தூக்கி
என் முன்னால் மேசையில் வைத்தான்.
"முதல்தரம் அக்கா.
எங்கட ஆக்கள் எண்டபடியாத்தான் இந்த விலை."

கைப்பையிலிருந்து
மீன் நிறுக்கிற தராசை எடுத்தேன்.
அவனுக்குச் சிரிப்பு.
ஐந்து கிலோ நூற்றுத்தொண்ணூறு.
ஐந்து நானூறாவது இருக்கவேண்டும்.

ரோச் வெளிச்சத்தைச் சாய்த்துப் பிடித்தேன்.
மூடியில் பொறித்த சதுரக் குறியீட்டின் கீழ்
இன்னொரு சதுரத்தின் நிழல்,
அரம் போட்டு அழித்தது.
எந்தச் சீன நகரத்தின் பேருந்தில்
எத்தனை ஆண்டு ஓடிக் களைத்ததோ,
பிறந்த தேதியை மாற்றிக்கொண்டு
இங்கே வந்து நிற்கிறது.
அந்தக் குற்றத்துக்கு
என் குடும்பத்திலேயே மூன்று பேர் உண்டு.
ஆகவே அதைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை.
"யோசிச்சுச் சொல்லுறன் தம்பி" என்றேன்.
தேநீர் தந்தான்.
தேநீர் முதல்தரம்தான்.

பிறகு லைப்சிக்கில் ஒரு கொம்பனி.
நானூறு யூரோ கூட.
ஒவ்வொரு செல்லுக்கும் ஒரு வரி:
கொள்ளளவு, மின்னழுத்தம், உள்தடை, பிறந்த நாள்.
பதினாறு வரியையும் அச்செடுத்து
பேனையால் அடிக்கோடிட்டுக்கொண்டிருந்தேன்.
"பற்றரிக்குச் சாதகம் பார்க்கிற ஆளை
இப்பத்தான் காணுறன்" என்றான் சுகிர்தன்.
"எங்கட கலியாணத்துக்கே நீ பார்க்கேல்லை."
அதுதான், என்றேன்.

செவ்வாய்க்கிழமை காலை.
நான் மேல்மாடியில், ஈரத்தலையோடு.
கீழிருந்து அவன் கத்துகிறான்:
"செல் வந்திட்டுது!"

அரை வினாடி.
ஈசர்லோனில், இரட்டைக் கண்ணாடி யன்னலுக்கு உள்ளே,
என் முழங்கால் மடங்கிவிட்டது.
அவனும் கத்திய பிறகுதான் கேட்டிருக்கவேண்டும்
தான் கத்தியதை.
படிக்கட்டில் ஏறி வந்தான்.
இருவரும் ஒன்றும் பேசவில்லை.
வாசலில் தபால்காரர் மணியடித்துக்கொண்டே இருந்தார்.

எட்டுப் பெட்டி.
ஒவ்வொன்றிலும் சாய்சதுரம், கறுப்புக்கோடு,
ஆபத்தான பொருள் என்கிற எச்சரிக்கை.
"கனம்" என்றார், முதுகைப் பிடித்தபடி.
கையெழுத்துப் போடச் சொன்னார். அவ்வளவுதான்.

ஒன்பது வயதில்
பாணுக்குள் இரண்டு பேனாரோச் செல் ஒளித்து
தாண்டிக்குளத்தில் வரிசையில் நின்றேன்.
பற்றரி தடை, சவர்க்காரம் தடை,
எதெல்லாம் தடையென்று எங்களுக்கே மறந்துபோன பட்டியல்.
ஆமிக்காரன் பாணைப் பிய்த்தான்.
செல்லை எடுத்துக்கொண்டு பாணை என்னிடம் நீட்டினான்.
நல்ல பசி.
தின்றேன்.

இப்போது நிலவறையில் எண்பத்தாறு கிலோ.
மில்லியோமில் அளக்கிறேன் தடையை:
பூச்சியம் தசம் ஒன்று ஏழு,
ஒன்று ஏழு, ஒன்று எட்டு, ஒன்று ஏழு.
பதினோராவதில் மூன்று ஒன்று.
நெஞ்சு பொருமியது.
லைப்சிக்குக்குக் காரசாரமாய்
ஒரு கடிதம் தொடங்கி, இரண்டாம் பந்தியில்,
கவ்வி பிடித்த இடத்தைத் துணியால் துடைத்துப் பார்த்தேன்.
ஒன்று ஏழு.
என் விரலின் தேங்காயெண்ணெய்.
கடிதத்தை அழித்தேன்.
சுகிர்தனிடம் சொல்லவில்லை.

மூன்று நாள் பதினாறையும் ஒன்றாய்ப் பிணைத்து
ஒரே மட்டத்துக்கு வரும்வரை காத்திருந்தோம்.
பிறகு வரிசை மாற்றி, செப்புப்பட்டை, நட்டு,
அளவுச்சாவி "டக்" என்று சொல்லும்வரை முறுக்கு.
நவம்பர் வெயில்,
கூரையில் அரைமனதாய் உட்கார்ந்து எழும்பிய வெயில்,
அதில் ஒரு கைப்பிடி உள்ளே இறங்கியிருந்தது.

இரவு பத்தரைக்கு
தெருவிலிருந்து வரும் மின்சாரத்தை நிறுத்தினேன்.
வீடு ஒருமுறை கண் இமைத்தது.
குளிர்பெட்டி யோசித்து, பிறகு
தன் பழைய முனகலைத் தொடங்கியது.

அந்நேரம் பார்த்துத்தான் தொலைபேசி.
"அக்கா, சசிரூபன். என்ன, யோசிச்சீங்களோ?"
பச்சை விளக்குகளை எண்ணிக்கொண்டிருந்தேன்,
பதின்மூன்று, பதினான்கு.
"யோசிச்சுக்கொண்டுதான் இருக்கிறன் தம்பி."